ஊர் அட்டையும் பெங்களூர்ச் சூரியனும்

1

வருஷா வருஷம் டிசம்பர் கடைசியில் ஊரிலிருந்து எனக்கு ஒரு பார்சல் வரும். உள்ளே கருப்பட்டி, கொஞ்சம் சுக்கு, ஒரு சுருட்டிய அட்டை. கருப்பட்டி ஒரு மாதம் தாங்காது. அட்டை வருஷம் முழுக்க அடுப்படிச் சுவரில் தொங்கும். இந்த முறை பார்சல் வந்து மூன்று வாரம் ஆகிறது. கருப்பட்டி பாதி தீர்ந்துவிட்டது, அட்டையை இன்னும் பிரிக்கவில்லை. ஏன் பிரிக்கவில்லை என்று அனுப்பியவர்களுக்குச் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கடல் தாண்டிப் போனவள் இல்லை. கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத்தான் தாண்டினேன். சாத்தான்குளம் பக்கத்தில் பிறந்து, கல்யாணமான பதினோராம் நாள் ஒரு தகரப் பெட்டியோடு பெங்களூர் வந்து இறங்கினேன். இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. துபாய்க்கும் கனடாவுக்கும் போனவர்கள் எழுதினால் வெளிநாட்டு அனுபவம் என்பீர்கள். பெங்களூர்க்காரி எழுதினால் 'இந்தா இருக்கிற ஊருக்கு இத்தனை அலட்டலா?' என்று கேட்பீர்கள். கேளுங்கள். கடைக்காரனுக்கு என் பேச்சு புரியாமல், அவன் பேச்சு எனக்குப் புரியாமல், 'பேக்கு' என்றால் வேண்டும், 'பேடா' என்றால் வேண்டாம் என்று இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டியவளுக்கு அது வெளிநாடுதான்.

என் வீட்டுக்காரர் எபினேசர், லேத் பட்டறையில் வேலை. நான் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறேன். ஒரே பெண், கெத்சியாள், பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருஷம். மர்பி டவுனில் வாடகை வீடு. நாலு சுவரில் எதிலும் ஒரு சாமி படம் கிடையாது, இயேசு படமும் கிடையாது. அந்த அட்டை ஒன்றுதான்.

2

ஊரில் எங்களைச் 'சனிக்கிழமைக்காரங்க' என்பார்கள். என் அப்பா காலத்தில் மூன்று குடும்பம் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலை விட்டுப் பிரிந்து வந்து தொடங்கியது. இன்றைக்கும் ஊரில் நாற்பது வீடு தாண்டவில்லை, பெங்களூரில் ஒன்பது வீடு. எங்களுக்குப் பெயர்ப்பலகை இல்லை, போதகர் இல்லை, பதிவு எண் இல்லை. மனிதன் மனிதனுக்குத் தலைவன் ஆகக்கூடாது என்பதும் எங்கள் நம்பிக்கையில் ஒன்று. பெங்களூர் ஓரத்தில் சந்தாபுராவில் கனகராஜ் அண்ணன் வீட்டு மாடியில் கூடுவோம். அவர் மூத்தவர், வீடு பெரியது, அவ்வளவுதான் விஷயம்.

கடவுள் ஒருவர். அவருக்கு உருவம் செய்யக்கூடாது, அவர் பெயரைக் கண்ட கண்ட பேச்சில் இழுக்கக்கூடாது. மேசியா அவர் அனுப்பியவர், அனுப்பியவரும் அனுப்பப்பட்டவரும் ஒருவர் அல்ல. இதைச் சொல்லித்தான் கோயிலில் சண்டை வந்தது. செத்தவர்கள் தூங்குகிறார்கள், உயிர்த்தெழும் நாள் வரை ஒன்றும் அறியமாட்டார்கள். அதனால் கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்துவதில்லை. மோசேயின் சட்டத்தில் தின்னாதே என்று சொன்னதைத் தின்பதில்லை. பன்றியை விட்டுவிடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. கடற்கரைப் பக்கம் பிறந்துவிட்டு இறாலும் நண்டும் சுறாவும் இல்லாமல் வளர்ந்தவளைக் கேளுங்கள், அதுதான் விசுவாசம்.

கிறிஸ்துமஸ் இல்லை, பஸ்கா உண்டு. புளிப்பில்லாத அப்பமும் கசப்புக் கீரையும் வைத்து வீட்டோடு ஆசரிப்போம். கசப்புக்கு நாங்கள் வைப்பது வேப்பங்கொழுந்து. பெங்களூரில் யுகாதி அன்று பக்கத்து வீட்டு ஜெயம்மா வேப்பிலையும் வெல்லமும் கொண்டுவந்து தருவாள். வெல்லத்தை 'பேடா' என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வேப்பிலையை மட்டும் கேட்டு வாங்குவேன். இரண்டு வாரம் கழித்துப் பஸ்கா வரும்போது அவள் வீட்டு மரத்திலேயே இன்னும் கொஞ்சம் பறித்துக்கொள்வேன். இனிப்பை விட்டுவிட்டுக் கசப்பை வாங்கிப் போகிற ஒரே ஜென்மம் நான்தான் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஓய்வுநாள். வெள்ளி அஸ்தமனம் முதல் சனி அஸ்தமனம் வரை. அடுப்பு மூட்டமாட்டோம், காசைத் தொடமாட்டோம், பேனா பிடிக்கமாட்டோம். காசைத் தொடாமல் சந்தாபுராவுக்கு எப்படிப் போவது? ஒன்பது குடும்பமும் மாத பஸ் பாஸ் எடுத்து வைத்திருக்கிறோம். வருஷக்கணக்காக ஒரே பாஸ், ஒரே ஜன்னல், மடியில் வெள்ளிக்கிழமை கட்டிய புளிச்சோறு. என் வீட்டுக்காரர் சனிக்கிழமை லீவுக்காக ஆறு பட்டறை மாறினார். ஏழாவது பட்டறையில்தான் மனுஷனுக்கு ஓய்வு கிடைத்தது என்று கூட்டத்தில் கேலி செய்வார்கள். நான் நர்சிங் ஹோம் டாக்டரிடம் முதல் நாள் சொன்னது இவ்வளவுதான்: 'சாட்டர்டே டியூட்டி பேடா, சண்டே டியூட்டி பேக்கு.' அவர் சிரித்துவிட்டார். அன்று முதல் எல்லா ஞாயிறும் எனக்குத்தான்.

அஸ்தமனம் எத்தனை மணிக்கு என்று சொல்வதுதான் அந்த அட்டை. ஐம்பத்திரண்டு வெள்ளி, ஐம்பத்திரண்டு சனி, ஒவ்வொன்றுக்கும் மணியும் நிமிஷமும். ஊர்ச் சபையில் கணக்குப் பார்த்து அச்சடிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் போர்க்களம். சோறு, பொரியல், அவித்த முட்டை, இரண்டு பிளாஸ்க் காப்பி. ஒரு கண் அடுப்பில், ஒரு கண் கடிகாரத்தில். அட்டை சொன்ன நிமிஷத்தில் கேஸ் குழாயை மூடுவேன். ஒரு நிமிஷம் பிந்தியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

கெத்சியாள் மட்டும் குளிர்காலம் வந்தால் சோம்பேறி ஆகிவிடுவாள். கடைசி நேரத்தில்தான் கை தேவைப்படும். அப்போது பார்த்துப் பாதி கழுவிய பாத்திரத்தைப் போட்டுவிட்டு உள் அறைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். "ஏட்டி, இங்கே ஒருத்தி கெடந்து அல்லாடுதேன், அங்கே என்ன ராணி மாதிரி உக்காந்திருக்க?" என்று கத்துவேன். பதில் வராது. பெங்களூர்க் குளிர், பெங்களூரில் பிறந்த பிள்ளை, வேறென்ன என்று நினைத்துக்கொள்வேன்.

3

போன நவம்பரில் பரீட்சை அட்டவணை வந்தது. ஒரு தாள் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. அதை எழுதாவிட்டால் அடுத்த வருஷம்தான் எழுத முடியும். அதுவரை கல்லூரியில் வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனி எதன் தேர்வுக்கும் உட்கார முடியாது.

கெத்சியாள் சோறு சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"நான் போய் எழுதிடறேம்மா. ஒரு நாள்தானே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒரு நாளா? உங்கப்பா ஆறு பட்டறையை விட்டுட்டு வந்தது ஒரு நாளுக்கா?"

"அதுக்குத்தான் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் இன்னொரு தடவை யார்கிட்டயோ போய்க் கெஞ்சறதைப் பாக்க முடியாது என்னால."

"நான் கெஞ்சுவேன், ஒனக்கு என்ன? என் வாய், என் கெஞ்சல்."

வீட்டுக்காரர் ரசத்தைக் குடித்தார். அவர் எப்போதும் அப்படித்தான், நான் கத்தி முடிக்கும்வரை ரசம் குடிப்பார். பிறகு சொன்னார்: "சனிக்கிழம எழுத முடியாதுன்னு சொல்ல வேண்டாம். சனிக்கிழம அஸ்தமனத்துக்கு அப்புறம் எழுதுதேன்னு கேப்போம்."

அதுதான் யோசனை. மற்ற பிள்ளைகள் எழுதும்போதே இவளும் ஓர் அறையில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். போன் இல்லை, புத்தகம் இல்லை, யாரையும் பார்க்கக்கூடாது. அஸ்தமனம் ஆனதும் அதே கேள்வித்தாளை எழுத வேண்டும். ஊரில் என் தம்பிக்கு இப்படி ஒருமுறை செய்திருக்கிறார்கள். ஊரில் தலைமையாசிரியருக்கு எங்கள் அப்பாவைத் தெரியும், திண்டாட்டமில்லை. இங்கே யாருக்கு யாரைத் தெரியும்?

மறுநாள் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் நல்ல மனிதர்தான், பாதித் தமிழ் பாதிக் கன்னடத்தில் பேசினார்.

"எந்த சர்ச் மேடம்?"

"சர்ச் இல்ல சார்."

"ஜூஸா?"

"யூதர் இல்ல சார். ஆனா வேதத்துல அவங்களுக்குச் சொன்ன நாளை நாங்களும் ஆசரிக்கிறோம்."

"அப்போ கிறிஸ்டியன்."

"கிறிஸ்டியன்னு போட்டுக்கங்க. கிறிஸ்துமஸ் கிடையாது."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "லெட்டர் கொடி மேடம், ஒரு லெட்டர் கொடுங்க. லெட்டர்ஹெட்ல. உங்க மதத்தோட முக்கியமான நம்பிக்கை என்ன என்னன்னு ஒரு பக்கம். பிரெசிடென்ட் சைன், சீல். கேண்டிடேட் சைன். சூர்யாஸ்த எத்தனை மணின்னு கரெக்டா டைம் எழுதணும். அப்புறம் பிரின்சிபால் பார்ப்பாரு."

எங்களுக்கு லெட்டர்ஹெட் இல்லை, சீல் இல்லை, பிரெசிடென்ட் இருப்பதே பாவம். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

4

கனகராஜ் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"எஸ்தர், நாம யாருக்கும் எழுதிக் கொடுக்கிற வழக்கம் இல்லையே," என்றார். "நம்பிக்கையை ஒரு பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டா அதுதான் அடுத்த சபை. நாம பிரிஞ்சு வந்ததே அது வேண்டாம்னுதான்."

"அண்ணே, புள்ள ஒரு வருஷம் போயிரும்."

"நீயே எழுதிக்க. தாயார்னு கையெழுத்துப் போடு. நான் பாக்கல," என்று வைத்துவிட்டார்.

ஆக எங்கள் மார்க்கத்தின் அடிப்படை நம்பிக்கைகளை உலகத்துக்கு எழுதிக் கொடுக்கும் பொறுப்பு, பன்னிரண்டாம் வகுப்போடு ஒரு வருஷ லேப் படிப்பு முடித்த என் தலையில் விழுந்தது. ஞாயிறு டியூட்டி முடிந்து வந்து உட்கார்ந்தேன். நான் சொல்லச் சொல்ல கெத்சியாள் லேப்டாப்பில் இங்கிலீஷில் அடித்தாள். கடவுள் ஒருவர் என்று தொடங்கி, உருவம், பெயர், மேசியா, செத்தவர்கள், இறால் வரைக்கும் சொன்னேன். ஒரு பக்கம் தாண்டிவிட்டது.

அவள் அடிப்பதை நிறுத்திவிட்டு மேலிருந்து படித்தாள்.

"அம்மா, இதுல பாதிக்கு மேல 'செய்யமாட்டோம்'னுதான் இருக்கு. சாப்பிடமாட்டோம், கும்பிடமாட்டோம், கொண்டாடமாட்டோம். செய்யறது என்னம்மா?"

"ஏன், ஓய்ந்திருக்கோம்ல?"

"அதுவும் வேலை செய்யமாட்டோம்தானே."

எனக்குக் கோபம் வந்தது. "ஒன் காலேஜ் புத்தி எல்லாம் வேண்டாம். அடி."

அவள் அடிக்கவில்லை. "கீழ நானும் சைன் பண்ணணும்மா. இதெல்லாம் நான் நம்பறேன்னு. சிலது எனக்கு நெஜமாவே தெரியல. செத்தவங்க தூங்கறாங்களா, எங்க இருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரியாததுக்கு எப்படி சைன் பண்றது?"

"அப்ப என்னதாண்டி பண்ணச் சொல்ற?"

"ஓய்வுநாள் மட்டும் போதும்மா. அவங்க கேக்கறதும் அதுக்குத்தானே. அதை எழுதினா சைன் பண்றேன்."

அவள் அழிக்க அழிக்க நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அப்பா கோயிலை விட்டு வெளியே வந்தது எந்த வரிக்காகவோ அந்த வரியும் போயிற்று. திரையில் நாலே வரி மிச்சம். இவள் போய்விட்டாள், இன்னும் ஒன்றிரண்டு வருஷம், அந்த நாலு வரியையும் அழித்துவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லவும் செய்தேன்: "இதையும் அழிச்சிரு, ஜோலி முடிஞ்சுது."

அஸ்தமன நேரம் எழுத வேண்டிய இடத்தில் "எவ்ளோம்மா?" என்று கேட்டாள். அட்டையைப் பார்த்தேன். அந்தச் சனிக்கு ஆறு மணி இரண்டு நிமிஷம். அவள் ஒரு கணம் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு அப்படியே அடித்தாள்.

5

பிரின்சிபால் சம்மதித்தார், மகராசன். ஆனால் உத்தரவு கைக்கு வருவதற்குள் நாலு முறை நடந்தேன். முதல் முறை அவள் பெயரை 'கேசியா' என்று எழுதியிருந்தார்கள், இரண்டாம் முறை 'கேத்தி'. மூன்றாம் முறை வந்தது இன்னொரு கூத்து. இரண்டு மணிக்கு அறைக்குள் போகும்போது வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வேண்டும். ஓய்வுநாளில் பேனா பிடிக்கமாட்டாள், வெள்ளிக்கிழமையே போட்டுவிடுகிறாள் என்றேன். கிளார்க் தலையில் கை வைத்தார். "அட்வான்ஸ் அட்டெண்டன்ஸா மேடம்? நாளைக்கு வரலேன்னா?" கடைசியில், பரீட்சை எழுத ஆரம்பிக்கும்போது ஆறு மணிக்குப் போடலாம் என்று முடிவானது.

அந்தச் சனிக்கிழமை சந்தாபுராவுக்கு வீட்டுக்காரர் மட்டும் போனார். நாங்கள் இருவரும் கல்லூரிக்கு நடந்தே போனோம். இரண்டாம் மாடியில் மேற்குப் பார்த்த சின்ன அறை. காவலுக்கு சுமா மேடம் என்று ஒரு ஆசிரியை. எங்களால் அவர்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி வரை வேலை. முகத்தில் அது தெரிந்தது. கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். நான் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன்.

நாலு மணி நேரம். உள்ளே அவள் வெறும் மேஜைமேல் கையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் இல்லாமல் அவளை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. தூங்குவாள், கொட்டாவி விடுவாள் என்று எதிர்பார்த்தேன். பெஞ்சில் நெளிந்தது நான்தான்.

மற்ற பிள்ளைகள் ஐந்து மணிக்கு எழுதி முடித்து, கேள்விகளைப் பேசிக்கொண்டே கீழே இறங்கிப் போனார்கள். பிறகு கட்டடமே அமைதியாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கட்டடங்களுக்கு மேலே மேகம், சூரியன் எங்கே என்று யாருக்குத் தெரியும்? ஆறு மணி ஆக ஐந்து நிமிஷம் இருக்கும்போது சுமா மேடம் போனைப் பார்த்துவிட்டு எழுந்தார்கள். சீல் வைத்த கவரைக் கையில் எடுத்தார்கள். சூரியன் இறங்கிவிட்டது, ஆரம்பிக்கலாம் என்று கன்னடத்தில் சொன்னார்கள்.

"ஆறு ரெண்டுக்குத்தான் மேடம்," என்று நான் வெளியிலிருந்தே தமிழில் சத்தம் போட்டேன்.

அவர்கள் வாசலுக்கு வந்து போனை என்னிடம் காட்டினார்கள். "நோடி அம்மா, பாருங்க. இது பெங்களூரு டைம். ஐந்து ஐம்பத்தைந்து. உங்க பேப்பர்ல டைம் தப்பு."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அட்டையை அடிப்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஊர்ச் சூரியனைக் கணக்குப் பார்த்து அடிக்கிறார்கள். பெங்களூர் வடக்கே தள்ளி இருக்கிற ஊர், குளிர்காலத்தில் இங்கே சீக்கிரம் இருட்டும். ஏழு நிமிஷம் சீக்கிரம். அட்டையை வாங்கி மாட்டிய ஒன்பது குடும்பத்தில், இது நம் ஊர் நேரம், இந்த ஊர் நேரம் இல்லை என்று ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை. ஊரிலிருந்து வந்தது, சபை அச்சடித்தது, அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டோம்.

அப்படியானால் வெள்ளிக்கிழமைகள்? இருபத்திரண்டு குளிர்காலம் நான் கேஸ் குழாயை மூடிய நேரத்தில், ஓய்வுநாள் பிறந்து ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. கோடையில் இதற்கு எதிர்ப்பக்கம் தப்பு, சனிக்கிழமை சூரியன் இறங்குமுன்பே காப்பி போட்டிருக்கிறேன். ஒரு நிமிஷம் பிந்தியதில்லை என்று கர்வப்பட்டவள் நான்.

உள்ளே சுமா மேடம் கெத்சியாளிடம் கவரை நீட்டினார்கள். இப்போதே தொடங்கினால் ஏழு நிமிஷம் முன்னாலேயே வீட்டுக்குப் போகலாம், உத்தரவில் அதற்குத் தடையில்லை என்றார்கள். அவள் தலையை ஆட்டினாள்.

"பர்வாகில்ல மேடம். ஆறு ரெண்டுக்கே எழுதறேன்."

மடித்த கையைப் பிரிக்கவில்லை. அந்த ஏழு நிமிஷமும் வராந்தாவில் நான் ஒருத்தி, அறையில் அவர்கள் இரண்டு பேர். ஆறு இரண்டுக்கு எழுந்து போய்ப் பதிவில் கையெழுத்துப் போட்டாள்.

6

மறுநாள் காலை டியூட்டிக்குக் கிளம்புமுன் வீட்டில் ஒப்பாரி வைத்தேன். ஏழு நிமிஷம், இருபத்திரண்டு வருஷம் என்று பெருக்கிப் பார்க்கத் தொடங்கியபோது வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு பிள்ள. தெரியாமச் செஞ்சதுதானே."

"தெரியாமச் செஞ்சதுக்கும் வேதத்துல பலி உண்டு. தெரியும்ல?"

"பலி குடுக்க ஆட்டுக்கு எங்க போக? காப்பியைக் குடி."

கெத்சியாள் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"எனக்குத் தெரியும்மா. பத்தாவது படிக்கறப்பவே போன்ல பாத்தேன்."

"என்னது?"

"அட்டை டைம் வேற, இங்க டைம் வேறன்னு."

"பாவி மகளே, சொல்றதுக்கு என்னட்டி?"

"சொன்னா நீ இப்படி அழுவ. கனகராஜ் மாமாவோட சண்டை போடுவ. ஊருக்குப் போன் பண்ணுவ. அவங்க ஊர் அட்டையைத் தப்புன்னு சொல்ல நீ யாருன்னு கேப்பாங்க." தோசையைத் திருப்பிப் போட்டாள். "அதான் நான் மட்டும்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

அவள் முடிக்க வேண்டியிருக்கவில்லை. பாதி கழுவிய பாத்திரம் என் கண்ணில் வந்து நின்றது. குளிர்காலத்து வெள்ளிக்கிழமை, குளிர்காலம் மட்டும். ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாய் என்று நான் கத்தக் கத்த, பதில் பேசாமல் உள் அறையில் உட்கார்ந்திருந்தாள். இந்த வீட்டில் ஓய்வுநாளைச் சரியான நேரத்தில் ஆசரித்தது அவள் ஒருத்திதான். அவளைத்தான் நான் சோம்பேறி என்றேன்.

அழுகையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டேன்: "அப்போ நேத்து ஏன் ஆறு ரெண்டு வரைக்கும் இருந்த? அதான் முடிஞ்சு போச்சுன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"எனக்கு முடிஞ்சிடுச்சு. நீ வெளிய உக்காந்திருந்தியே. உனக்கு முடியலையே."

அவளே சொன்னாள்: "அந்த லெட்டர்ல நீ சொன்ன மத்ததெல்லாம் எனக்கு இன்னும் தெரியலம்மா. பொய் சொல்லமாட்டேன். ஆனா அந்த ஏழு நிமிஷம் உக்காருவேன் பாரு, யாருக்கும் தெரியாது, யாரும் சொல்லல, நானா உக்காருவேன். அது எனக்குப் பிடிக்கும்."

கனகராஜ் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் ஆடிப்போனார். ஊரில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அட்டை அனுப்பும் அன்பானவர்களே, உங்கள் மேல் குற்றமில்லை. நீங்கள் உங்கள் சூரியனைப் பார்த்துச் சரியாகத்தான் அச்சடித்தீர்கள். அங்கே இருக்கும்வரை எனக்கும் அது சரிதான். இனி கருப்பட்டி மட்டும் அனுப்புங்கள்.

பரீட்சை மார்க் இன்னும் வரவில்லை. அவள் தேறினாலும் தேறாவிட்டாலும் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

போன வெள்ளிக்கிழமை அடுப்பில் பீன்ஸ் பொரியல் பாதி வேக்காட்டில் இருந்தது. பழைய வருஷத்து அட்டையை ஆணியிலிருந்து இன்னும் கழற்றவில்லை. தொட்டியில் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு அவள் உள் அறைக்குப் போனாள். நான் ஸ்டவ்வை அணைத்தேன். கேஸ் குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா, உன் அட்டைக்கு இன்னும் நேரம் இருக்குமே?"

"தள்ளி உக்காருட்டி," என்றேன்.